பிள்ளைகளுக்கு சர்ஃபிங்: எவ்வளவு நீச்சல் தெரிந்தால் கடலில் இறக்கலாம்?

பார்வதிபுரத்தான்

வணக்கம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு 11, இளையவனுக்கு 8. கிறிஸ்துமஸ் லீவில் கோவளத்தில் மூன்று நாள் சர்ஃபிங் வகுப்பில் சேர்க்கலாம் என்று ஆசை. திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளம், நம்ம கன்னியாகுமரி கோவளம் இல்லை. மூத்தவள் மூன்று வருடமாக நாகர்கோவிலில் நீச்சல் குளத்துக்குப் போகிறாள், பள்ளிப் போட்டியில் இரண்டு மெடல், 50 மீட்டரை 50 செகண்டில் போடுவாள். இளையவன் குளத்துக்கே போனதில்லை, அதாவது நீலத் தண்ணீர்க் குளத்துக்கு. அவனுக்கு என் மச்சான் ஊர்க் குளத்தில் இரண்டு கோடை லீவில் கற்றுக்கொடுத்ததுதான், ஏதோ தவளை மாதிரி போகிறான். எனக்கு நீச்சல் தெரியாது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் திட்ட வேண்டாம்.

போனில் விசாரித்தபோது ஒரு இடத்தில் "நீச்சல் கட்டாயம் இல்லை சார், இடுப்பளவு தண்ணீர்தான், பலகை மிதக்கும், காலில் கயிறு கட்டியிருப்போம்" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் வயிற்றில் ஏதோ பிசைந்தது. மூத்தவளைப் பற்றிக் கவலை இல்லை, இளையவனை இறக்கலாமா என்பதுதான் கேள்வி.

நீச்சல் வாத்தியார்

மூத்தவளைப் பற்றிக் கவலை இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

கிண்டல் இல்லை சார், நிஜமாகவே கேட்கிறேன். இருபத்தி இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், அதில் பாதி நாள் நீச்சல் குளத்து ஓரத்தில்தான் போயிற்று. மெடல் வாங்கிய பிள்ளைகளிடம் நான் கேட்கிற கேள்விகள் இவை. நீச்சல் கண்ணாடி போடாமல் தண்ணீருக்குள் கண் திறப்பாளா? கால் எட்டாத இடத்தில், சுவரைத் தொடாமல், ஒரே இடத்தில் எத்தனை நிமிடம் இருந்திருக்கிறாள்? யாராவது பின்னால் இருந்து தண்ணீருக்குள் உருட்டிவிட்டால் மேலே எது கீழே எது என்று தெரிந்து தானாக வெளியே வருவாளா? மூன்றுக்கும் பதில் தெரியவில்லை என்றால் அவளுக்குப் பந்தயம் தெரியும், அவ்வளவுதான்.

குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு சுவர் உண்டு. பிள்ளைகள் அங்கே திரும்பும்போது சுவரை உதைத்து மூன்று நான்கு மீட்டர் சும்மா போய்விடுவார்கள், மூச்சும் வாங்கிக்கொள்வார்கள். 200 மீட்டர் நீந்தினேன் என்று சொல்கிற பிள்ளை உண்மையில் எட்டு சின்னத் துண்டுகளாக நீந்தியிருக்கிறது. கடலில் சுவர் இல்லை, கோடு இல்லை, தண்ணீருக்குள் எதுவும் தெரியாது, வாய் திறந்த நேரம் பார்த்து அலை வந்து விழும்.

தேங்காய் நீச்சல்

ஐயோ சாமி, ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கிற மாதிரிப் பேசுகிறீர்களே. நாங்கள் எல்லாம் இரண்டு நெற்றுத் தேங்காயைக் கயிற்றில் கட்டி நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு பழையாற்றில் குதித்தவர்கள். நாலாவது நாள் அண்ணன் தேங்காயைப் பிடுங்கிவிட்டான், நீச்சல் வந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் பலகை மேல் ஏறி விழுந்து விளையாடப் போகிறார்கள், அதற்கு மூன்று கேள்வி, வாய்மொழித் தேர்வு! இப்படிப் பயம் காட்டித்தான் இப்போதைய பிள்ளைகள் மழையில் நனைந்தாலே தும்முகிறார்கள். பார்வதிபுரத்தாரே, பேசாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. நீச்சல் நன்றாகத் தெரிந்தவன்தான் ஆழத்துக்குப் போய்ச் சாகிறான். தெரியாதவன் கரையிலேயே நிற்பான்.

மணப்பாட்டு அலை

அண்ணே, அந்த "இடுப்பளவு" யாருடைய இடுப்பு? சொல்லிக்கொடுக்கிறவருடைய இடுப்பு எட்டு வயதுப் பையனுக்கு நெஞ்சு. அதுவும் இரண்டு அலைக்கு நடுவில் தண்ணீர் வற்றி நிற்கிற நேரத்தில். அலை வந்தால் தலைக்கு மேல். கீழே மணலும் சிமெண்ட் தரை மாதிரி சமமாக இருக்காது, இரண்டடி தள்ளி ஒரு பள்ளம் இருக்கும், நேற்று இல்லாதது இன்றைக்கு இருக்கும்.

நான் மணப்பாட்டில் கற்றுக்கொண்டவன், ஏழெட்டு வருடமாக முடிந்த வார இறுதியெல்லாம் தண்ணீரில்தான். என் கதை ஒன்று. கற்றுக்கொண்ட முதல் வருடம், பெரிய அலைகூட இல்லை, நெஞ்சளவுதான். விழுந்தேன், எழுந்தேன், காலை இழுத்துப் பார்த்தால் கயிறு லேசாக வருகிறது. கணுக்காலில் ஒட்டுகிற பட்டை கழன்றுவிட்டது. பலகை எனக்கு முன்னாலேயே ஜாலியாகக் கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதுவரை ஒரு மணி நேரம் அந்தப் பலகையைக் கட்டிக்கொண்டே கிடந்ததால் நான் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறேன் என்றே கவனிக்கவில்லை. கரை ஒரு அறுபது எழுபது மீட்டர் இருக்கும். 27 வயது, நல்ல நீச்சல், எனக்கே அந்த முதல் பத்து செகண்ட் மூளை வேலை செய்யவில்லை. அந்த இடத்தில் எட்டு வயதுப் பிள்ளையை வைத்துப் பாருங்கள்.

பலகையும் கயிறும் மிதவை இல்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. அது இருக்கிற வரைக்கும் விளையாட்டுச் சாமான், இல்லாத நிமிடத்தில் உங்களுக்கு என்ன தெரியுமோ அதுதான் மிச்சம். அதனால் "பலகை இல்லாமல், இப்போது நிற்கிற இடத்தில் இருந்து, களைத்த உடம்போடு இந்தப் பிள்ளை கரைக்கு வருமா" என்பதைத்தான் நான் பார்ப்பேன். மீட்டர் கணக்கு அதற்குப் பிறகுதான்.

பார்வதிபுரத்தான்

வாத்தியார் சார், மகளிடம் கேட்டுவிட்டேன். கண்ணாடி இல்லாமல் கண் திறக்க மாட்டாளாம், "குளோரின் எரியும்பா" என்கிறாள். ஒரே இடத்தில் நிற்பது எல்லாம் "அது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை". சரி.

மணப்பாட்டுத் தம்பி, அப்படியானால் லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டால் தீர்ந்ததா?

மணப்பாட்டு அலை

படகில் போகும்போது லைஃப் ஜாக்கெட் கண்டிப்பாக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் சர்ஃபிங்கில் பிள்ளை பலகை மேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவ வேண்டும், தடி ஜாக்கெட் நெஞ்சுக்கடியில் தலையணை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். அலை உடைகிற இடத்தில் அடியில் முங்கி அலையைத் தலைக்கு மேல் போகவிடுவதுதான் நல்லது, ஜாக்கெட் முங்கவிடாது, அலையோடு சேர்த்து உருட்டும். சில இடங்களில் பிள்ளைகளுக்கு மெல்லிய மிதவைச் சட்டை கொடுக்கிறார்கள், அது பரவாயில்லை, கைக்கு வசதியாக இருக்கும். ஆனால் நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அதைப் போட்டு "தைரியம்" கொடுப்பதுதான் ஆபத்து. கையில் மாட்டுகிற காற்றுப் பையும் ரப்பர் வளையமும் பேச்சுக்கே எடுக்க வேண்டாம், ஒரு அலையில் கழன்றுவிடும்.

தண்ணீரின் எடையை யாரும் யோசிப்பதில்லை. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள கடல் தண்ணீர் ஆயிரம் கிலோவுக்கு மேல். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்கு. "கொஞ்சம்தான் பெரிசு" என்று கரையில் நின்று சொல்வது உள்ளே கொஞ்சமாக இருக்காது.

கடியப்பட்டணம் கடலோடி

இப்போதுதான் பார்த்தேன். மஸ்கட்டில் இருக்கிறேன், இங்கே ராத்திரி. அப்பா, அண்ணன்மார் எல்லாரும் கடல் தொழில்தான், நானும் பதினெட்டு வயது வரை வள்ளத்தில் போனவன்.

முதலில் ஒன்று. கடற்கரைக்காரன் என்றால் மீன் மாதிரி நீந்துவான் என்று கடலை விட்டுத் தள்ளி இருக்கிறவர்கள் நினைக்கிறீர்கள், அப்படி இல்லை. எங்கள் ஊரிலேயே வருடக்கணக்கில் கடலுக்குப் போய்விட்டு நல்ல நீச்சல் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது வேறு, கடலைப் பார்க்கத் தெரியும். என் அப்பா வள்ளம் இறக்குவதற்கு முன்னால் கரையில் சும்மா நிற்பார். பீடி பற்றவைப்பார், பேச மாட்டார். சின்ன வயதில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அலை ஒரே அளவில் வராது, கூட்டமாகப் பெரியது நாலைந்து வரும், அப்புறம் கொஞ்ச நேரம் அடங்கும். அந்த அடங்குகிற நேரத்தை எண்ணிக்கொண்டுதான் நிற்பார். அது தெரிந்தவன் தள்ளினால் வள்ளம் உள்ளே போய்விடும், தெரியாதவன் தள்ளினால் கவிழும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கடலில் இறங்கும் முன் பத்து நிமிடம் கரையில் உட்காரவையுங்கள். எந்த இடத்தில் அலை உடைகிறது, எந்த இடத்தில் உடையவில்லை என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் நுரை பொங்கி, நடுவில் ஒரு சந்து மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாக, அல்லது மணல் கலங்கி உள்ளே போகிற மாதிரி இருந்தால் வெளியூர்க்காரன் நேராக அங்கேதான் இறங்குவான், "இங்கே அலை இல்லை மக்கா, வாடா" என்று. அதுதான் இழுவை. கரைக்கு வந்த தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது.

நம்ம மாவட்டத்தில் இன்னொரு சங்கதி, தூண்டில் வளைவு. கடல் அரிப்புக்காக ஊருக்கு ஊர் கல் போட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லை ஒட்டி எப்போதும் ஒரு இழுவை ஓடும், கல்லில் பாசி வேறு, காலை வைத்தால் வழுக்கும். பிள்ளைகளை அதன் பக்கமே விடக்கூடாது. அதே மாதிரி பொழிமுகம். மணக்குடி ஆகட்டும் தேங்காய்ப்பட்டணம் ஆகட்டும், ஆறு கடலில் சேருகிற இடத்தில் அலை அழகாக மடங்கும், பார்க்க ஆசையாக இருக்கும், கடல் வற்றும்போது ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து இழுக்கும்.

நீச்சல் வாத்தியார்

கடலோடி தம்பி சொன்ன இழுவைக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சாதாரண இழுவை செகண்டுக்கு அரை மீட்டர் ஓடும், ஒரு நிமிடத்தில் பிள்ளை முப்பது மீட்டர் உள்ளே. செகண்டுக்கு இரண்டு மீட்டரைத் தாண்டிய வேகமான இழுவையும் அளக்கப்பட்டிருக்கிறது. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் உலக சாதனை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 46.40 செகண்ட், அதாவது செகண்டுக்கு 2.15 மீட்டர். உலகத்திலேயே வேகமான மனிதனே ஒரு இடத்தில் நின்று நீந்துகிற கதைதான். பார்வதிபுரத்தார் மகள் செகண்டுக்கு ஒரு மீட்டர் போகிறாள், அதுவும் 50 செகண்ட் வரைக்கும். அரை மீட்டர் இழுவையில் கூட அவள் கரையைப் பார்த்து நேராக நீந்தினால் இரண்டாவது நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். இழுவை யாரையும் அடியில் இழுப்பதில்லை, உள்ளே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான் முங்குகிறார்கள்.

அதனால் நான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது மல்லாந்து மிதப்பது. தலை பின்னால், காது தண்ணீருக்குள், வயிறு மேலே, கை விரித்து. கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் குளத்தைவிட லேசாகவே மிதக்கலாம். மிதந்துகொண்டு கையை உயர்த்தி ஆட்ட வேண்டும். இழுவை தளர்ந்த பிறகு கரைக்கு இணையாக, பக்கவாட்டில், அலை உடைகிற பக்கமாகப் போக வேண்டும், அலையே கரைக்குத் தள்ளிவிடும். பலகை கையில் இருந்தால் அதை விடவே கூடாது.

தேங்காய் நீச்சல் அண்ணனுக்கு ஒரு பதில் பாக்கி. நீச்சல் தெரிந்தவன் ஆழத்துக்குப் போகிறான் என்றீர்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. அரைகுறையாகக் கற்றுக்கொடுத்து மெடல் மாட்டி அனுப்பினால் அப்படித்தான் ஆகும். ஆனால் "தெரியாதவன் கரையிலேயே நிற்பான்" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது.

கடியப்பட்டணம் கடலோடி

கரையில் நின்றவர்களையே கொண்டுபோன கடல் இது வாத்தியாரே. 2024 மே 6, கணபதிபுரம் லெமூர் கடற்கரை. ஐந்து மருத்துவ மாணவர்கள். கரையோர அலையில் நின்றவர்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது.

கள்ளக்கடல் எப்படி என்றால், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் புயல் அடித்திருக்கும். அந்த அலை சில நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் திருடன் மாதிரி வந்து வீட்டு வாசல் வரைக்கும் ஏறிவிட்டுப் போகும். நம்ம பக்கத்துக் கடற்கரைகளிலும் கேரளத்திலும் புழங்குகிற இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை போடுகிறது, எத்தனை மீட்டர் அலை, எந்த ஊரில் இருந்து எந்த ஊர் வரைக்கும் என்று. சர்ஃபிங் வகுப்புக்குப் போகிறவர்கள் காலையில் வாட்ஸ்அப் பார்க்கிற நேரத்தில் அதைப் பார்த்தால் போதும். அன்றைக்கு எச்சரிக்கை இருந்தால் கட்டிய பணம் போனால் போகட்டும்.

தேங்காய் நீச்சல்

லெமூர் சம்பவம் தெரியும். அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது எதிர்வாதம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், எல்லாக் கடலும் எல்லா நாளும் இப்படியா? அப்படிப் பார்த்தால் யாரும் எப்போதும் இறங்கவே கூடாதே.

கடியப்பட்டணம் கடலோடி

அப்படிச் சொல்லவில்லை அண்ணே. ஆனி, ஆடி மாதம் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை இறக்கினால் பைத்தியக்காரத்தனம், தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குக் கரையில் விசைப்படகுக்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. டிசம்பர், ஜனவரி வேறு கடல், காலை நேரத்தில் ஏரி மாதிரிக் கிடக்கும். பார்வதிபுரத்தார் தேர்ந்தெடுத்த மாதம் சரிதான். இடமும் தப்பில்லை, அங்கே உயிர்காக்கும் காவலர்கள் உண்டு, சிவப்புக் கொடி கட்டினால் இறங்கக்கூடாது. முட்டத்தில் பாறை, குளச்சலில் துறைமுகம், மணவாளக்குறிச்சிப் பக்கம் கரை சரிவு, அலை ஒரேயடியாகக் கரையிலேயே விழுந்து அடிக்கும். சொத்தவிளை மாதிரி நீளமான மணல் கரையில்கூட, கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் போர்டை மட்டும் வாங்கிக்கொண்டு யாரும் இறங்கிவிடாதீர்கள்.

தக்கலை அம்மா

எல்லோரும் ஆண்களாகவே பேசுகிறீர்கள், நான் ஒன்று சொல்கிறேன். பார்வதிபுரம் அண்ணா, மகளுக்கு என்ன உடை? இதை யாரும் கேட்கவில்லை பாருங்கள்.

என் மகளுக்கு 12. போன வருடம் ஒரு இடத்தில் சேர்க்கப் போனோம், பெயர் வேண்டாம். சுற்றி ஆட்கள் நிற்கிறார்களே என்று சுடிதாரோடு இறக்கினேன், தப்பு என் மேல்தான். நனைந்த சுடிதார் காலைச் சுற்றிக்கொண்டது, துப்பட்டா இல்லாமல் இருந்தும் அந்தப் பாரம். முட்டியளவு தண்ணீரில் விழுந்தவள் எழுந்திருக்க முடியாமல் இரண்டு அலை குடித்துவிட்டாள். கற்றுக்கொடுத்த தம்பி ஏழு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், இவளைப் பார்க்கவில்லை, நான்தான் சேலையோடு ஓடினேன். அதற்குப் பிறகு உடம்போடு ஒட்டிய முழுக்கை சட்டையும் லெக்கிங்ஸும் வாங்கினேன். உடம்பும் மறைகிறது, தண்ணீரும் பிடிப்பதில்லை, பலகை உரசி வயிறும் புண்ணாவதில்லை. நிறம் ஆரஞ்சு, இல்லையென்றால் பளீர் மஞ்சள். நீலமும் வெள்ளையும் வேண்டாம், நுரைக்குள் பிள்ளை தெரியாது.

நம்ம வீடுகளில் பையனைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற மாமா பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. எனக்கும் நீச்சல் தெரியாது. குளத்துப் படியில் துணி துவைத்தே முப்பது வருடம் போனது, கடைசிப் படியைத் தாண்டியதில்லை.

மணப்பாட்டு அலை

அக்கா சொன்ன "ஏழு பிள்ளைக்கு ஒரு ஆள்" முக்கியமான விஷயம். பெரியவர்களுக்கு ஒருவர் எட்டுப் பேரைப் பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளைகள் என்றால் தண்ணீருக்குள் ஒருவருக்கு நான்கு பேருக்கு மேல் இருந்தால் நான் என் அண்ணன் பையனை விடமாட்டேன், கரையில் இருந்து எண்ணிக்கொண்டிருக்க இன்னொரு ஆளும் வேண்டும். போனில் விசாரிக்கும்போது கேளுங்கள்: நீச்சல் சோதித்துப் பார்ப்பீர்களா, உயிர்காக்கும் பயிற்சி எடுத்தவர் யார், எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள். கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் அங்கே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லி வைக்க இரண்டு மூன்று: விழும்போது தலைகீழாகப் பாயக்கூடாது, முதுகு பக்கமோ பக்கவாட்டிலோ பரப்பி விழ வேண்டும், அடியில் மணல் எவ்வளவு பக்கத்தில் என்று தெரியாது. மேலே வரும்போது இரண்டு கையும் தலையைச் சுற்றி இருக்கட்டும், பலகை மேலே காத்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் நிற்கும்போது பலகையை உனக்கும் வருகிற அலைக்கும் நடுவில் பிடிக்காதே, பல்லைத் தட்டிவிடும், பக்கத்தில் பிடி. அப்புறம் முதல் பலகை மெத்தென்ற ஃபோம் பலகையாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நடுங்க ஆரம்பித்தால் உடனே வெளியே.

இரவு டூட்டி

அவசரப் பிரிவில் செவிலியர். எழுத வேண்டாம் என்றுதான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

முங்குகிற பிள்ளை கத்தாது. சினிமாவில் வருவது மாதிரிக் கையை ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும், கை இரண்டும் தண்ணீரை அழுத்துகிற மாதிரி பக்கத்தில், ஏணி ஏறுவது போல் நிற்கும், ஆனால் எங்கேயும் நகராது. ஒரு நிமிடம் கூட இருக்காது. பக்கத்தில் நின்ற அப்பாவே "விளையாடுகிறான் என்று நினைத்தேன்" என்று சொல்லிக்கொண்டு வருவார். அந்த வாக்கியத்தை நான் கேட்காத வருடம் இல்லை.

நீச்சல் தெரியாத அப்பா காப்பாற்ற இறங்கினால் இரண்டு பேர் வருவார்கள் எங்களிடம். காலி மண்ணெண்ணெய் கேன், மூடி இறுக்கிய பெரிய தண்ணீர்க் குப்பி, கயிறு, எது கிடைக்கிறதோ எறியுங்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

வெளியே எடுத்த பிறகு தயவுசெய்து பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். இன்றைக்கும் செய்கிறார்கள், போகிற நேரம்தான் வீண். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துத் தொடங்க வேண்டும், நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதாது, ஏனென்றால் இங்கே முதலில் நின்றது மூச்சு. பிறகு 30 அழுத்து, 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நடக்கிற பிள்ளையும் இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, தூங்கித் தூங்கி விழுகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி. வலிப்பு உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் கடலில் இறக்க வேண்டாம்.

பார்வதிபுரத்தான்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக எழுதவில்லை, காரணம் இருக்கிறது.

போன ஞாயிறு வாத்தியார் சொன்னதைப் பரீட்சை வைத்துப் பார்த்தேன். மகளின் பயிற்சியாளரே தண்ணீரில் நின்றார், கேட்டவுடன் ஒத்துக்கொண்டார், நல்ல மனுஷன். கண்ணாடி கிடையாது, டீ-ஷர்ட்டும் டிரவுசரும் போட்டு, ஆழமான பக்கத்தில் குதித்து, அவர் தண்ணீருக்குள் ஒரு முறை உருட்டிவிடுவார், எழுந்து மூன்று நிமிடம் மிதக்க வேண்டும், அப்புறம் சுவரை உதைக்காமல் 50 மீட்டர்.

மெடல் வாங்கியவள் உருண்டு மேலே வந்ததும் மூக்கில் தண்ணீர் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் துழாவிச் சுவரைப் பிடித்துவிட்டாள். மொத்தம் பன்னிரண்டு செகண்ட். வெளியே வந்து ஒரே அழுகை, என் மேல் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. இளையவன்? ஊர்க் குளத்துப் பாசித் தண்ணீரில் கண் திறந்து பழகியவன், உருட்டிவிட்டதும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து மல்லாந்தான், தேங்காய்த் தொண்டு மாதிரிக் கிடந்தான், நான்கு நிமிடம் ஆகியும் போதும் என்று சொல்லவில்லை. ஆனால் நீந்தச் சொன்னால் இருபது மீட்டரில் கோணல்மாணலாகப் போய் நின்றுவிட்டான், கையில் பலம் இல்லை. அதாவது இரண்டு பேரிடமும் பாதிப் பாதி இருக்கிறது.

கிறிஸ்துமஸ் திட்டம் தள்ளிவைப்பு. பிப்ரவரியில் பார்க்கலாம். மகள் இப்போது கண்ணாடி இல்லாமல் பழகுகிறாள், நேற்று தானாகவே "அப்பா, ஒன்றரை நிமிடம் மிதந்தேன்" என்றாள். அப்புறம் வகுப்பும் மாற்றிவிட்டேன், வேறு இடத்தில் விசாரித்தபோது அவர்களே முதலில் நீச்சலைச் சோதிப்போம் என்றார்கள்.

இரவு டூட்டி அக்கா எழுதியதை வாசித்த பிறகு வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். நானும் கற்றுக்கொள்ளப் போகிறேன், 41 வயதில். மச்சான் வளைகுடாவில் இருக்கிறான். நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளோடு நிற்க வெட்கமாக இருக்கிறது. யாராவது ஊர்க் குளத்தில் சொல்லிக்கொடுப்பீர்களா?

நீச்சல் வாத்தியார்

பன்னிரண்டு செகண்டில் சுவரைப் பிடித்த பிள்ளை அழுததற்கு வருத்தப்படாதீர்கள். அது நீச்சல் குளத்தில் நடந்ததே.

தக்கலை அம்மா

பெண்களுக்கும் யாராவது ஏற்பாடு செய்தால் நானும் வருவேன். ஆரஞ்சு சட்டை இருக்கிறது.

தேங்காய் நீச்சல்

பார்வதிபுரத்தாரே, சுசீந்திரம் பக்கம்தான் என் வீடு. குளம் நல்ல தண்ணீர், இந்த மழைக்கு நிறைந்து கிடக்கிறது, ஓரத்தில் இருந்து பைய இறங்கலாம். நெற்றுத் தேங்காய் இரண்டு எடுத்து வைக்கிறேன், சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல மிதவை கிடையாது. தேங்காயை நாலாவது நாள் பிடுங்க மாட்டேன், வாத்தியார் சொன்ன மல்லாந்து மிதப்பதைப் பழகிய பிறகு. தக்கலை அக்கா, என் வீட்டுக்காரிக்கு என்னைவிட நல்ல நீச்சல், அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டாள்.

பார்வதிபுரத்தான்

அண்ணே, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரட்டுமா?

தேங்காய் நீச்சல்

ஏழு மணிக்குத் துவைக்க ஆள் வந்துவிடும், சோப்புத் தண்ணீரைத்தான் குடிப்பீர்கள். ஐந்தரைக்கு வாருங்கள். கட்டன் சாயா இருக்கும்.